முதல் ஜாம் பேண்ட் ஷோ: டிக்கெட்டிலிருந்து இரண்டாவது செட் வரை

கூட வேலை பார்ப்பவர் ஒருவர் "சனிக்கிழமை ஷோவுக்கு ஒரு டிக்கெட் அதிகமா இருக்கு, வர்றியா?" என்று கேட்டிருப்பார். நீங்களும் சரி என்று சொல்லியிருப்பீர்கள். அன்று ராத்திரி அந்தக் குழுவின் ஆல்பம் ஒன்றைப் போட்டுக் கேட்டுவிட்டு, இதற்காகவா இத்தனை பேர் ஊர் ஊராக வண்டி ஓட்டிக்கொண்டு பின்னாலேயே போகிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். அமெரிக்கா வந்த புதிதில் எனக்கும் அதே கேள்விதான். ஆல்பத்தில் அதற்குப் பதில் கிடைக்காது, ஷோவில்தான் கிடைக்கும். எனக்கு யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. மூன்று நாலு ஷோ வீணாய்ப் போன பிறகுதான் பிடிபட்டது. உங்களுக்கு முதல் ராத்திரியே பிடிபட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விஷயம். ஏதாவது ஒரு நீளமான பாட்டின் நடுவில், மேடையில் இருப்பவர்களே வழி தெரியாமல் நிற்கிற மாதிரி ஒரு ஐந்து நிமிஷம் வரும். சுருதி கலங்கும், தாளம் மங்கும், எதுவும் நடக்காதது போல இருக்கும். அப்போது எங்கும் போகாதீர்கள். பேசாதீர்கள், ஃபோனை எடுக்காதீர்கள். ஷூ, தண்ணீர், காதடைப்பான், நிற்கும் இடம் என்று கீழே சொல்லப்போவது எல்லாமே அந்த ஐந்து நிமிஷத்தில் உங்கள் உடம்பு உங்களை இழுக்காமல் இருப்பதற்காகத்தான்.

1. எந்த மாதிரிக் கச்சேரி என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜாம் பேண்ட் என்றால் பாட்டை மேடையில் விரித்து வாசிக்கிற குழு. எழுதி வைத்த பகுதி நாலைந்து நிமிஷம் இருக்கும். அதற்கப்புறம் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே உருவாவது பத்து நிமிஷமும் போகும், இருபதும் போகும். அந்தப் பகுதிக்குத்தான் ஜாம் என்று பெயர். கர்நாடக சங்கீதக் காது இருப்பவர்களுக்கு இது அந்நியமே இல்லை. கீர்த்தனை எல்லோருக்கும் தெரிந்ததுதான், அன்றைக்கு வந்த நிரவலையும் ஸ்வரத்தையும் பற்றித்தானே வீட்டுக்கு வந்து பேசுகிறோம். இங்கே உள்ள வித்தியாசம், ஒருவர் முன்னால் போக மற்றவர்கள் அனுசரிப்பது குறைவு. கிட்டார், பேஸ் (கீழ்ச் சுரங்களை வாசிக்கிற கிட்டார்), கீபோர்டு, டிரம்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் கற்பனை செய்துகொண்டு, ஒருவரை ஒருவர் கேட்டபடி நகரும்.

1965இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் இதற்கெல்லாம் மூலவர். 30 வருஷத்தில் 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார்கள். பாட்டு வரிசையை ராத்திரிக்கு ராத்திரி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1995 ஆகஸ்டில் அவர்களின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறந்த பிறகு மற்றவர்கள் அந்தப் பெயரை ஓய்வுபெறச் செய்தார்கள். அதற்குள் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் 1983இல் தொடங்கிய ஃபிஷ் பெரிதாக வளர்ந்திருந்தது. ட்ரே அனஸ்டாசியோ, மைக் கார்டன், ஜான் ஃபிஷ்மன், பேஜ் மெக்கானல் என்று அப்போது இருந்த நால்வர்தான் இன்றைக்கும். 2017 கோடையில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 ராத்திரி வாசித்தார்கள். மொத்தம் 237 பாட்டு, ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. ரசிகர்கள் ஏன் ஒரே குழுவை நாலு நாள் தொடர்ந்து பார்க்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை. நேற்றைக்கு வந்தது இன்றைக்கு வராது.

இந்த இரண்டு பெயரோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகரத்திலிருந்து வந்த வைட்ஸ்ப்ரெட் பேனிக் தெற்கத்திய ராக் வாசிப்பார்கள். கனெக்டிகட்டிலிருந்து வந்த கூஸ் இளைஞர் குழு. பில்லி ஸ்ட்ரிங்ஸ் பேஞ்சோ, மாண்டலின், ஃபிடில் வைத்துக்கொண்டு, நரம்பு வாத்தியங்களை நம்பிய நாட்டுப்புற இசையான புளூகிராஸில் ஜாம் செய்கிறார். டிரம்ஸ் சத்தம் ஒத்துவராது என்பவர்கள் அவரிடமிருந்து தொடங்கலாம். எந்தக் குழு சிறந்தது என்ற வாதத்தில் இறங்காமல், உங்களுக்கு இரண்டு மணி நேர ஓட்டத்தில் யார் வருகிறார்களோ அவர்களைப் பாருங்கள்.

2. டிக்கெட்

விலை உயர்ந்த ஒரு இருக்கையைவிட, சாதாரண டிக்கெட்டில் அடுத்தடுத்து இரண்டு ராத்திரி போவது மேல். முதல் ராத்திரி கண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது ராத்திரிதான் காது திறக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் ஒரே இடத்தில் வாசிப்பதை 'ரன்' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஷோவைத் தவறவிடாதே என்று ரசிகர்களிடையே ஒரு பழைய சொல் உண்டு. வார இறுதிக்கு மட்டும் வந்த கூட்டம் கிளம்பிப்போன பிறகு குழு தைரியமாக வாசிக்கும் என்பது நம்பிக்கை. என் அனுபவத்திலும் அது பெரும்பாலும் சரிதான்.

டிக்கெட் தீர்ந்துவிட்டால் பதறி மறுவிற்பனைத் தளத்தில் இரண்டு மடங்கு கொடுக்காதீர்கள். இந்த ரசிகர்களுக்குள் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது கௌரவக் குறைவு. கேஷ்ஆர்ட்ரேட் என்ற தளம் அந்த விலைக்கு மட்டுமே கைமாற்றுவதற்காக இருப்பது. ஷோவுக்கு முந்தின இரண்டு நாளில் அங்கே நிறைய டிக்கெட் வரும். முன்பின் தெரியாதவர் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டுக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். டிக்கெட் உங்கள் கணக்குக்கு மாறி வந்தால்தான் அது டிக்கெட். வாசலில் ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு நடப்பவர்களைப் பார்ப்பீர்கள். ஒரு டிக்கெட் வேண்டும் என்று அர்த்தம். இலவசமாகக் கிடைத்தால் அதை 'மிராக்கிள்' என்பார்கள். உங்களோடு வரவேண்டியவர் கடைசி நிமிஷத்தில் வராமல் போனால், அந்த விரல்களில் ஒன்றுக்குக் கொடுத்துவிடுங்கள்.

இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் சவுண்ட்போர்டுக்குப் பக்கத்திலோ பின்னாலோ எடுங்கள். ஒலி அமைப்பவர் உட்கார்ந்து கேட்கிற இடம் அது. அவருக்குக் கேட்பதுதான் உங்களுக்கும் கேட்கும். மேடைக்கு ஒட்டின கம்பி வரிசையில் நிற்பது வேறு சுகம். ஆனால் அங்கே ஒலி சரியாகச் சேராது, நகரவும் முடியாது. அதை மூன்றாவது ஷோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. போகும் முன் என்ன கேட்பது

ஸ்டூடியோ ஆல்பத்தை விட்டுவிடுங்கள். ஒரு முழு ஷோவை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரு தடவை கேளுங்கள். சமையல் செய்துகொண்டே கேட்டாலும் சரி. கிரேட்ஃபுல் டெட்டின் ஆயிரக்கணக்கான ஷோக்கள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகவே இருக்கின்றன. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் வாசித்ததைப் பலரும் முதலில் சொல்வார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதையும் சேர்த்திருக்கிறது. தொடங்குவதற்கு நல்ல ஷோதான். பதிவு தெளிவாக இருக்கும், ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும்.

அதற்கப்புறம் நான் எல்லோருக்கும் சொல்கிற பயிற்சி ஒன்று: ஏதாவது ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, மூன்று வெவ்வேறு வருஷங்களில் வாசித்ததைக் கேளுங்கள். பாட்டு முடிகிற இடம் வரை மூன்றும் ஒன்றுபோல இருக்கும். பிறகு ஒன்று கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும், மூன்றாவது கிளம்பின இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அந்தப் பிரிகிற இடம் காதில் பட்டுவிட்டால் வீட்டுப்பாடம் முடிந்தது. நூறு பாட்டின் பெயரை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

செட்லிஸ்ட், அதாவது அன்றைக்கு வாசித்த பாட்டுகளின் வரிசை, படிக்கவும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டுப் பெயர்களுக்கு நடுவில் காற்புள்ளி இருந்தால் நிறுத்திவிட்டுத் தொடங்கினார்கள். அம்புக்குறி இருந்தால் நிறுத்தாமலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போனார்கள். இதை 'செக்வே' என்பார்கள். பல வருஷம் வாசிக்காத பாட்டு திடீரென்று வந்தால் 'பஸ்ட்அவுட்'. சுற்றி நிற்கிறவர்கள் ஏன் முதல் நாலு சுரத்திலேயே கூச்சல் போடுகிறார்கள் என்று அப்போது புரியும். ஃபிஷ் ரசிகர்கள் சம்பளமில்லாமல் நடத்துகிற ஃபிஷ்.நெட்டில் எந்தப் பாட்டு கடைசியாக எப்போது வந்தது என்ற கணக்குகூட இருக்கிறது.

4. பையில் என்ன, காலில் என்ன

பெரும்பாலான அரங்குகளில் சின்னப் பையோ உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பையோதான் விடுவார்கள். அளவை அரங்கின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் பையைத் திரும்பக் காரில் வைத்துவிட்டு வா என்றால் முதல் பாட்டு போய்விடும்.

ஷூ பழகின ஷூவாக இருக்க வேண்டும். பொதுவாக முதல் செட் ஒன்றே கால் மணி நேரம், நடுவில் அரை மணி இடைவேளை, இரண்டாவது செட் ஒன்றரை மணி நேரம், அப்புறம் என்கோர் (இறங்கிப் போன குழு திரும்ப வந்து கடைசியாக வாசிப்பது). வரிசையில் நிற்பதையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் காலில்தான். (1999 டிசம்பர் 31 அன்று ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் பகுதியில் ஃபிஷ் நள்ளிரவில் தொடங்கி சூரியன் உதிக்கும்வரை ஏழரை மணி நேரம் ஒரே செட்டாக வாசித்தார்கள். அன்றைக்கு நின்றவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.)

காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ், 85 டெசிபல் சத்தத்தை 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபலில் வெறும் 15 நிமிஷம். ராக் கச்சேரி அந்த அளவைச் சாதாரணமாகத் தொடும். நுரையில் செய்த மலிவான அடைப்பான் மேல் சுரங்களை மழுங்கடித்துவிடும். இசைக்கென்றே செய்தது எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் குறைக்கும். அதைப் போட்டுக்கொண்டால் பேஸும் கீபோர்டும் இன்னும் தெளிவாகப் பிரிந்து கேட்கும்.

திறந்தவெளி என்றால் ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் மழைக்கோட்டும். கொலராடோவின் ரெட் ராக்ஸ் அரங்கம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,400 அடி உயரத்தில் இருக்கிறது. சாயங்காலம் வெயில் சுடும், இருட்டினதும் குளிரும், இடையில் மழை இடியோடு வந்துவிட்டுப் போகும். படிகள் வேறு ஏராளம். சமவெளியிலிருந்து அன்று காலைதான் போய் இறங்கினீர்கள் என்றால், மதியத்திலிருந்தே தண்ணீர் குடித்துக்கொண்டிருங்கள்.

5. லாட்

ஷோ தொடங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேருங்கள். கார் நிறுத்தும் இடம்தான் லாட். அங்கே ரசிகர்களே கடை விரிக்கிற தெருவை ஷேக்டவுன் என்பார்கள். கிரேட்ஃபுல் டெட்டின் 1978 ஆல்பத்திலிருந்து வந்த பெயர் அது. சாயம் முக்கின டீசர்ட், கையால் செய்த பின், போஸ்டர், சாப்பாடு எல்லாம் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையில்லை, கிரில்ட் சீஸ் சாண்ட்விச்சும் காய்கறி புரிட்டோவும் லாட்டின் பழைய அடையாளங்கள். நீலத் துணியில் சிவப்பு வட்டம் வட்டமாகப் போட்டவர்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். ஃபிஷ்மன் மேடையில் போடுகிற கவுனின் கோலம் அது. முதல் ஷோ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்து யாராவது ஒரு ஸ்டிக்கராவது கொடுப்பார்கள்.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். லாட்டில் போதைப்பொருள் இருக்கும். பலூனில் நைட்ரஸ் வாயு விற்பார்கள். அதை முகர்ந்து மயங்கி விழுகிறவர்களைப் பார்ப்பீர்கள், கிட்டே போகாதீர்கள். கஞ்சாவைச் சில மாநிலங்கள் அனுமதித்திருக்கலாம், ஆனால் மத்தியச் சட்டப்படி அது இன்னும் குற்றம்தான். விசாவிலோ கிரீன் கார்டிலோ இருக்கிறவர்களுக்குக் குடியேற்றச் சட்டம் மத்தியச் சட்டத்தைத்தான் பார்க்கிறது. மாநிலம் அனுமதித்தது என்பது அங்கே காப்பாற்றாது. வீட்டில் செய்த குக்கி, சாக்லேட், பிரவுனி என்று யார் நீட்டினாலும் உள்ளே என்ன என்று கேளுங்கள். தெரியாதவர் திறந்து கொடுத்த எதையும் குடிக்காதீர்கள். மரியாதையாக வேண்டாம் என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போதை, மது எதுவும் இல்லாமல் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நல்ல துணையும் இருக்கிறது. மஞ்சள் பலூன் கட்டின ஒரு மேசை தென்படும். டெட் ரசிகர்களிடையே வார்ஃப் ராட்ஸ் என்றும், ஃபிஷ் ஷோவில் ஃபெலோஷிப் என்றும் பெயர். இடைவேளையில் அங்கே கூடிக் கொஞ்ச நேரம் பேசுவார்கள். தனியாகப் போயிருந்தால் அந்தப் பக்கம் ஒரு தடவை போய் வாருங்கள்.

6. உள்ளே போனதும்

முதலில் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், வெளியேறும் வழி மூன்றும் எங்கே என்று பாருங்கள். கூட வந்தவர்களோடு, தொலைந்துபோனால் இடைவேளையில் சந்திக்கிற இடம் ஒன்றைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஃபோன் சிக்னலை நம்ப முடியாது.

சவுண்ட்போர்டுக்குப் பின்னால் உயரமான கம்பங்களின் நுனியில் மைக் கட்டி வைத்திருப்பார்கள். அவர்கள்தான் டேப்பர்கள். குழுவின் அனுமதியோடு ஷோவைப் பதிவு செய்து மற்றவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்கிறவர்கள். கிரேட்ஃபுல் டெட் 1984இல் இவர்களுக்கென்று தனி இடமே ஒதுக்கியது. நாம் இன்றைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஐம்பது வருஷத்து ஷோக்களைக் கேட்கிறோம் என்றால் இவர்களும் இவர்களுக்கு முன்னால் ஒளிந்து பதிவு செய்தவர்களும்தான் காரணம்.

என் இரண்டாவது ஷோவில் அந்தக் கம்பங்களுக்கு அடியில் நின்று, தம்பியோடு தமிழில் பேசிக்கொண்டே இருந்தேன். நமக்கு மட்டும்தானே புரியும் என்ற எண்ணம். இரண்டு வாரம் கழித்து அந்த ஷோவின் பதிவைத் தேடிக் கேட்டேன். கீபோர்டு மட்டும் மெல்ல ஒலிக்கிற இடத்தில், "சாவி உன்கிட்டதானே இருக்கு?" என்ற என் குரல். தெளிவாக இருந்தது. அந்த ராத்திரியை இனிமேல் யார் கேட்டாலும் அந்தச் சாவியையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். அதை எடுக்க வழியில்லை. அன்றிலிருந்து கம்பங்களுக்குக் கீழே நான் வாய் திறப்பதில்லை. நீங்களும் பேச வேண்டும் என்றால் பின்பக்கம் நடைபாதைக்குப் போய்விடுங்கள்.

7. முதல் செட்

இதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டுகள் குட்டையாக இருக்கும், குழுவும் அன்றைய அரங்கின் ஒலியைப் பழகிக்கொண்டிருக்கும். நீங்கள் எந்த வாத்தியம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு, உடம்பைத் தளர விடுங்கள். ஆட வராது என்று நிற்காதீர்கள். அங்கே ஆட்டம் தெரிந்து ஆடுகிறவர் யாரும் இல்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும், மூன்று பாட்டுக்குள் மற்றது தானாக வரும். பக்கத்தில் இருப்பவர் மேல் இடிக்காமல், கை நீளத்துக்கு இடம் விட்டு ஆடுங்கள்.

இடைவேளை வந்ததும் கழிப்பறைக்கு உடனே போகாதீர்கள், எல்லோரும் அப்போதுதான் போவார்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் பிறகு போங்கள். ஆனால் போய்விட்டு வந்துவிடுங்கள். இரண்டாவது செட்டின் நடுவில் எழுந்து போகிற நிலைமை வேண்டாம்.

8. இரண்டாவது செட்

இதற்காகத்தான் வந்தோம்.

பாட்டின் கடைசி வரியைப் பாடி முடித்ததும் குழு பெரும்பாலும் ஒன்றிரண்டு கார்டுகளின் (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரங்களின் கூட்டு) மேல் சுற்ற ஆரம்பிக்கும். முதலில் காதில் விழுவது கிட்டார்தான். அதை விட்டுவிட்டு பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேலே கிட்டார் வாசித்ததையே வாசித்துக்கொண்டிருக்க, பேஸ் மட்டும் கீழே ஆதாரத்தை மாற்றினால், அதே வரி சட்டென்று வேறு முகம் காட்டும். சந்தோஷமாக இருந்தது ஏக்கமாகிவிடும். கிரக பேதம் கேட்டவர்களுக்கு இந்தச் சிலிர்ப்பு தெரியும். 2024 அக்டோபரில் மறைந்த கிரேட்ஃபுல் டெட்டின் ஃபில் லெஷ் இதில் பெரிய கை. பேஸ் தாங்கிப் பிடிக்கிற வாத்தியம் மட்டும் இல்லை, வழி காட்டுகிற வாத்தியமும்கூட என்று நான் புரிந்துகொண்டது அவர் பதிவுகளைக் கேட்டுத்தான்.

அடுத்து டிரம்ஸ். அது தாளத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் எல்லோரும் மூச்சு வாங்குகிறார்கள், இனிமேல் எங்கே என்று தேடுகிறார்கள் என்று அர்த்தம். பாட்டின் கார்டுகளுக்குள்ளேயே நின்று ஏறி இறங்குகிற ஜாமை ரசிகர்கள் 'டைப் ஒன்' என்பார்கள். பாட்டை விட்டே வெளியேறிவிட்டால் 'டைப் டூ'. முன்னால் சொன்ன அந்த ஐந்து நிமிஷம் வருவது இங்கேதான். டைப் ஒன்னிலிருந்து டைப் டூவுக்குக் கடக்கிற அந்த இடைவெளியில் யாரிடமும் யோசனை இருக்காது. ஒருவர் இரண்டு சுரம் போடுவார், யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொருவர் வேறொன்று போடுவார், அதுவும் விழுந்துவிடும். மூன்றாவதாக ஒன்று விழும், அதைக் கீபோர்டு எடுத்துக்கொள்ளும்.

கோடைக்கால ஷோ ஒன்றில் அப்படிப்பட்ட ஒரு இடத்தில் எனக்குப் பொறுமை போய், மணி பார்க்க ஃபோனை எடுத்தேன். பக்கத்து இருக்கையில் அறுபதைத் தாண்டின ஒரு அம்மா, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு நின்றிருந்தார். கையில் உள்ளங்கை அளவு நோட்டு. அன்றைய பாட்டுகளைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தார். என் ஃபோன் வெளிச்சம் அந்தத் தாளில் பட்டது. கடைசியாக எழுதியிருந்த பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு அம்புக்குறி போட்டிருந்தார். அதற்கப்புறம் வெறும் தாள். பென்சில் முனை தாளுக்கு மேலே, தொடாமல், அப்படியே நின்றுகொண்டிருந்தது. அடுத்த பாட்டு இன்னும் வரவில்லை, ஆனால் ஏதோ ஒன்று வரப்போகிறது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. நான் ஃபோனை உள்ளே வைத்தேன். பேஸ் இரண்டு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது. கிட்டார் ஒதுங்கி நின்றது. கீபோர்டு அந்த இரண்டோடு மூன்றாவது ஒன்றைச் சேர்த்தது. டிரம்ஸ் மெல்ல மேலே ஏறியது. பிறகு கிட்டார் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நிற்க, மற்ற மூன்றும் அதற்குக் கீழே கிளம்பியது. அரங்கம் முழுக்க கைகள் எழும்பின. இதைத்தான் 'பீக்' என்பார்கள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். அது இறங்கி அடுத்த பாட்டின் முதல் வரியில் போய்ச் சேர்ந்தபோதுதான் பென்சில் தாளைத் தொட்டது.

அந்த இரண்டு சுரம் தனியாக ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பீர் வாங்கப் போயிருந்தால், திரும்பி வந்து சத்தமான ஒரு உச்சத்தைக் கேட்டிருப்பேன். அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது.

டெட் வழிவந்த குழுக்களைப் பார்க்கப் போனால் இன்னொன்று. இரண்டாவது செட்டின் நடுவில் மற்றவர்கள் மேடையை விட்டு இறங்கி, டிரம்ஸ் மட்டும் நிற்கும். கிரேட்ஃபுல் டெட்டின் பில் க்ராய்ட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் இரட்டை டிரம்ஸாக வளர்த்த வழக்கம். சபாவில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற கூட்டம் உண்டல்லவா, இங்கேயும் அப்போது கழிப்பறை வரிசை நீளும். நீங்கள் இருங்கள். அடி வயிற்றில் அதிரும். அதற்கப்புறம் தாளமே இல்லாமல் சத்தங்களை மட்டும் வைத்து நெய்கிற 'ஸ்பேஸ்' என்ற பகுதி வரும். முதல் தடவை புரியாது, பரவாயில்லை. அது கரைந்து ஒரு மெதுவான பாட்டுக்குள் இறங்குகிற நொடியைப் பிடிக்க முயலுங்கள்.

விளக்குகளையும் பாருங்கள். ஃபிஷ்ஷின் விளக்குகளை இயக்கும் கிறிஸ் குரோடா, குழுவோடு சேர்ந்து தானும் அங்கேயே கற்பனை செய்கிறார். ரசிகர்கள் அவரை ஐந்தாவது உறுப்பினர் என்றே சொல்வார்கள். உச்சத்தில் கூட்டத்திலிருந்து ஒளிரும் குச்சிகள் பறக்கும். எறிவதானால் மேலே எறியுங்கள். மேடையை நோக்கியும் முன்னால் இருப்பவர் தலையை நோக்கியும் வேண்டாம், பட்டால் வலிக்கும்.

வீடியோ எடுக்க ஆசை வரும். ஒரு பாட்டில் ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு வைத்துவிடுங்கள். நல்ல பதிவு எப்படியும் வரத்தான் போகிறது. யாராவது தள்ளாடினாலோ உட்கார்ந்து எழ முடியாமல் இருந்தாலோ தண்ணீர் கொடுத்து, மஞ்சள் சட்டையோ வேறு அடையாளமோ போட்ட ஊழியரை உடனே கூப்பிடுங்கள். ஜாம் போகிறதே என்று தயங்காதீர்கள்.

9. முடிந்த பிறகு

என்கோர் முடிந்ததும் ஓடாதீர்கள். லாட்டிலிருந்து கார் வெளியே வர ஒரு மணி நேரம்கூட ஆகும். டிக்கியில் தண்ணீரும் ஏதாவது சாப்பாடும் வைத்திருந்தால் அந்த நேரத்தைப் பக்கத்துக் காரில் வந்தவர்களோடு பேசியே கழிக்கலாம். எந்த ஜாம் பிடித்தது என்று கேளுங்கள், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். குடித்திருந்தால் ஓட்டாதீர்கள், குடிக்காத ஒருவரைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

மறுநாள் செட்லிஸ்ட்டை எடுத்துப் பாருங்கள். ஃபிஷ் ஷோ என்றால் லைவ்ஃபிஷ்ஷிலும், மற்ற பல குழுக்கள் என்றால் நக்ஸ் தளத்திலும் சவுண்ட்போர்டிலிருந்தே எடுத்த பதிவு சீக்கிரமே வந்துவிடும், காசு கொடுத்துக் கேட்கலாம். பல குழுக்களுக்கு டேப்பர்களின் பதிவு ஆர்க்கைவில் இலவசமாக வரும், அதில் கூட்டத்தின் சத்தமும் சேர்ந்திருக்கும். எனக்கு இதுதான் பிடிக்கும். அம்புக்குறி இருக்கும் பாட்டிலிருந்து தொடங்குங்கள். நேற்று உங்களுக்குச் சலித்த அந்த ஐந்து நிமிஷத்தை இரண்டு தடவை கேளுங்கள், யார் முதலில் அந்தச் சுரத்தைப் போட்டார், யார் எடுத்துக்கொண்டார் என்று தேடுங்கள்.

கையில் இரண்டாவது ராத்திரி டிக்கெட்டும் இருந்தால், ஷூவைக் காற்றாட வையுங்கள், காதடைப்பானைத் துடைத்துப் பெட்டியில் போடுங்கள். நேற்றையைவிட அரை மணி நேரம் முன்னாலேயே போய் சவுண்ட்போர்டுக்கு இடது பக்கம் நில்லுங்கள்.